திகதி போடாத கையெழுத்து

கார் விற்கப் போகிறேன், என்னென்ன செய்யவேண்டும் என்று யாராவது கேட்டால் என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவி, கண்ணாடியில் இருக்கிற பத்திரங்களைக் கழற்றி எடு, பெயர் மாற்றும் படிவத்தில் திகதியை உன் கையாலேயே எழுது, வாங்குகிறவன் கையெழுத்து வைத்த பிறகு கார்த் திறப்பைக் கொடு என்று, கேட்டவரை ஏதோ குற்றவாளி போல நிறுத்திவைத்துச் சொல்வேன். எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் கேட்பதில்லை. ஒருவர் தன் முச்சக்கர வண்டியை விற்றதை எனக்குத் தெரியாமல் மறைத்தார் என்றுகூடக் கேள்வி.

இந்தக் கோபம் எனக்குப் பதினொரு வயதில் வந்தது. போர் முடிந்து மூன்றாம் வருடம் அது. எங்கள் வீடு கோப்பாயில். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். அம்மா கணித ஆசிரியை. எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. அதை வாங்கியபோது, காரின் பதிவுப் புத்தகம் அப்பாவின் பெயருக்கு மாறி வந்து சேரும்வரை அம்மா அதில் ஏற மறுத்துவிட்டாராம். இரண்டு மாதம் கார் முற்றத்தில் நிற்க, அம்மா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார். ஊர் சிரித்தது.

வருடத்துக்கு ஒருமுறை காருக்குப் புகைப் பரிசோதனை செய்து, காப்புறுதியைப் புதுப்பித்து, அந்தக் கடதாசிகளைக் காட்டிப் பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் எடுக்கவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தையும் வரிப்பத்திரத்தையும் முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகுவது என் வேலை. கண்ணாடிக்கும் அதன் கீழுள்ள பலகைக்கும் இடையில் என் கைதான் நுழையும்.

வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகக் காரை விற்க முடிவானது. வாங்க வந்தவர் வேறு யாருமில்லை, அப்பாவின் சொந்தத் தம்பி. வட்டுக்கோட்டையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிற சித்தப்பாவை எனக்கு நிறையப் பிடிக்கும். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதற்குத்தான் கார் வேண்டும் என்றார்.

அவர் வந்த நாளில் அம்மாவுக்குப் பரீட்சை மேற்பார்வை. வாசல் படலையடியில் நின்று அப்பாவுக்கு மூன்று விஷயம் சொன்னார். படிவத்தில் திகதி போடவேண்டும். அதில் வாங்குகிறவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கவேண்டும். கண்ணாடியில் இருக்கிற பத்திரங்களைக் கழற்றவேண்டும். அப்பா மூன்றுக்கும் "ஓம்" என்றார்.

சித்தப்பா படிவத்தைக் காரின் பொனட்டில் விரித்தார். அப்பா பேனாவைத் திறந்து திகதி எழுதக் குனிந்தார்.

"அண்ணை, திகதி இப்ப வேண்டாம். போட்டால் உடனை கொழும்புக்கு அனுப்பவேணும். இந்த மாதம் எனக்கு ஏலாது. நான் ஆறுதலா எழுதி அனுப்புறன்."

"உன்ரை மச்சாள் போடச் சொன்னவா..." என்று அப்பா அம்மாவை இழுத்தார்.

"என்ன அண்ணை, கூடப்பிறந்தவனோடையும் கடதாசிக் கதையோ?"

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மூட்டை மாவுக்கு மூன்று பிரதியில் கையெழுத்து வாங்குகிற என் அப்பா, வாங்குகிறவரின் பெயரும் இல்லாத, திகதியும் இல்லாத படிவத்தில் தன் முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் பத்திரங்களை எடுக்க உறைக்குள் விரலை விட்டேன்.

"விடு பிள்ளை. காருக்கு அது பொட்டு மாதிரி. இன்னும் நாலு மாதம் கிடக்குத்தானே" என்றார் சித்தப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பின்னேரம் வந்த அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு இரண்டு தரம் வட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டார். இரண்டு தரமும் "அனுப்பியாச்சு மச்சாள்" என்ற பதில். காரைக் காணவில்லையே என்றால், கராஜில் நிற்கிறதாம். பிள்ளைகள் எதில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று அம்மா கேட்டதற்குச் சித்தி தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாராம்.

எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எங்கள் காரின் இலக்கத்தைச் சொன்னார். முதல் நாள் பின்னேரம் உரும்பிராய்ச் சந்தி தாண்டி, சைக்கிளில் வெங்காயம் கொண்டுபோன ஒருவரை அந்தக் கார் இடித்திருக்கிறது. ஓட்டியவன் காரை விட்டுவிட்டு ஓடிவிட்டான். கண்ணாடியில் இருந்த காப்புறுதியும் வரியும் முடிந்து நான்கு மாதம். புத்தகத்தில் இருக்கிற பெயர் அப்பாவுடையது. பத்து மணிக்குள் நிலையத்துக்கு வரவேண்டும்.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அம்மா அழவில்லை, கத்தவுமில்லை. நேரே அறைக்குள் போய், படுத்திருந்த என் அண்ணையை எழுப்பினார். அண்ணைக்கு அப்போது பதினேழு வயது. பத்து நிமிடத்தில் அவர் ஒரு பையோடு பின்வேலியில் இருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் வெளியே போனார். சாவகச்சேரியில் மாமி வீட்டுக்குப் போகிறாராம், அம்மா சொல்லும்வரை அங்கேதான் நிற்பாராம். பிறகு அம்மா என்னிடம் வந்தார்.

"நீ அப்பாவோடை பொலிசுக்குப் போ."

எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அஞ்சல் ஓட்டத்துக்குத் தெரிவு. மூன்று கிழமையாகக் காலையில் எழும்பி ஓடிப் பழகியிருந்தேன்.

"அண்ணையை அனுப்புங்கோ. அவர்தானே பெரிய ஆள். எனக்கு இண்டைக்கு ஓட்டம் இருக்கு."

"கதையாதை. வெளிக்கிடு."

"அவர் மாமி வீட்டிலை மாம்பழம் தின்ன, நான் பொலிசுக்குப் போறதோ? ஆம்பிளைப் பிள்ளை எண்டு அவருக்குத்தான் செல்லம்!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையாலேயே என் சட்டைக் கொலரைச் சரிசெய்து, முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்: "அப்பான்ரை கையை விடாதை. உள்ளை கூப்பிட்டாலும் நீயும் போ. வெளியிலை இரு எண்டு சொன்னாலும் இராதை. விளங்கிச்சோ?"

எனக்கு விளங்கியது ஒன்றுதான். இந்த வீட்டில் நான் மாற்றாந்தாய்ப் பிள்ளை.

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். எதிர் வாங்கில் அம்மாவை விட இளமையான ஒரு பெண், மடியில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார் என்பது கையில் கசங்கிக் கிடந்த துண்டுச் சீட்டில் தெரிந்தது. அடிபட்டவரின் மனைவி.

"காரின்ரை சொந்தக்காரர் நீங்களோ?"

"ஓம்" என்றார் அப்பா. பிறகு, "இல்லைப் பிள்ளை, நான் வித்துப்போட்டன்" என்றார்.

"வித்தால் உங்கடை பேர் ஏன் அதிலை கிடக்கு?"

"தம்பியிட்டை..." என்று அப்பா தொடங்கினார்.

"இன்சூரன்சும் முடிஞ்சுபோச்சாம், வரியும் இல்லையாம். கால் மூண்டு இடத்திலை முறிஞ்சிருக்கு. அந்த மனுசன் இனித் தோட்டத்திலை எப்பிடி இறங்கும்? நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? சொல்லுங்கோ, ஆரிட்டை?"

காலையிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் பெண்மீது பாய்ந்தது. "எங்கடை அப்பா இடிக்கேல்லை!" என்று கத்தினேன். நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உன்ரை கொப்பர் இடிக்கேல்லையெண்டு எனக்கும் தெரியும். இடிச்சவன்ரை பேர் ஒண்டிலையும் இல்லையே பிள்ளை. கொப்பற்றை பேர்தானே கிடக்கு."

 

அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். வெளியே இருக்கும்படி சார்ஜன்ட் கையைக் காட்டினார். அம்மாவின் சொல்லுக்குப் பணிந்தல்ல, என்னை அனுப்பிய அம்மாமீது இருந்த வெப்பிசாரக் கோபத்தில், நான் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சார்ஜன்ட் வயதானவர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், இன்னொரு கதிரை கொண்டுவரச் சொன்னார்.

கேள்வி தமிழிலும் சிங்களத்திலுமாக நடந்தது. எழுதியது முழுக்கச் சிங்களத்தில். ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்து, அதை அப்பாவின் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்துக் காட்டினார். அப்பா பேனாவை எடுத்தார்.

"உதிலை என்ன எழுதியிருக்கு அப்பா?"

"நான் சொன்னதுதான் குஞ்சு."

"உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதே?"

அப்பா என் கையை மெல்ல அழுத்திவிட்டுக் கையெழுத்து வைத்தார். இந்த மனிதருக்கு எந்தக் கடதாசியைக் கண்டாலும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஒரு நோய் இருக்கிறதோ என்று எனக்கு அழுகையாக வந்தது. திகதியைச் சார்ஜன்டே எழுதினார்.

மீண்டும் வாங்குக்கு வந்தோம். மத்தியானம் ஆனது. யாரும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் வேறு ஆட்கள் வந்து அப்பாவின் பெயரையும், போர்க்காலத்தில் எங்கே இருந்தார் என்பதையும் கேட்டார்கள். காருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அப்பாவின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. நான் இறுக்கிப் பிடித்தேன்.

இரண்டு மணிபோல் சித்தப்பா வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. அவருக்குப் பின்னால் அம்மா. நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். நாங்கள் வெளிக்கிட்டதும் அம்மா வட்டுக்கோட்டைக்குப் போயிருக்கிறார். சித்தப்பா வீட்டில் இல்லை என்றிருக்கிறார் சித்தி. மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது. அம்மா படலைக்கு வெளியே நடுத்தெருவில் நின்று, தன் வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற குரலில் சொல்லியிருக்கிறார்: "தம்பி, நீர் எங்களுக்குச் செய்ததை நான் ஒவ்வொண்டாய் இந்தச் சனத்துக்குச் சொல்லுறன். நீர் வெளியிலை வந்தால் நிப்பாட்டுறன்." முதலாவது கதை முடிவதற்குள் சித்தப்பா வந்துவிட்டாராம்.

காரை வாங்கிப் பத்தே நாளில் விற்றுவிட்டதாக அவர் சார்ஜன்டிடம் சொன்னார். அப்பா கையெழுத்து வைத்த அதே படிவத்தோடு, அதே பத்திரங்களோடு. வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றிருக்கிறான். எவனும் தன் பெயரை எழுதவில்லை, எவனும் வரி கட்டவில்லை.

அந்த நாள் முழுவதும் அப்பா கோபமாகச் சொன்ன ஒரே வார்த்தை அப்போதுதான் வந்தது. அதுவும் கோபம் போல ஒலிக்கவில்லை.

"பிள்ளையளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோறதுக்கெண்டெல்லோ கேட்டனி?"



நான்கு மணிக்கு எங்களைப் போகச் சொன்னார்கள். அப்பா நீதிமன்றத்துக்குப் பலமுறை போனார். ஓட்டியவன் சில மாதங்கள் கழித்துப் பிடிபட்டான். அடிபட்டவருக்குக் கால் நேராகவில்லை, காப்புறுதி இல்லாததால் கிடைக்கவேண்டியதும் கிடைக்கவில்லை. அப்பா மாதத்துக்கொருமுறை தேங்காயும் மரக்கறியும் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போவார். அந்தப் பெண் வாங்கி வைப்பார். ஒருநாளும் இருங்கோ என்று சொன்னதில்லை. அதை அப்பா ஒரு குறையாகச் சொன்னதுமில்லை. சித்தப்பா ஒருநாளும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இப்போதும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "என்ன பிள்ளை, இன்னும் கோவமோ?" என்று சிரிப்பார். ஓம், கோபம்தான்.

அண்ணை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். அஞ்சல் ஓட்டத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். நான் அண்ணையோடு ஒரு பள்ளித் தவணை முழுக்கக் கதைக்கவில்லை.

போன வருடம் அவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை வந்தது. நான் பாதி விளையாட்டாக, பாதி மெய்யாக, "அம்மாவுக்கு எப்பவும் பெடியன்தான் பெரிசு. என்னையல்லோ பொலிசுக்கு அனுப்பினவா" என்றேன். அண்ணை சிரிக்கவில்லை.

அம்மா கறிச் சட்டியை மூடினார். "உன்னை அனுப்பினால் ரெண்டு பேரும் திரும்பி வருவியள் எண்டு நினைச்சன். சின்னப் பிள்ளையோடை வந்த மனுசனை மறிச்சு வைக்கக் கொஞ்சம் யோசிப்பினம். அவனை அனுப்பியிருந்தால்..."

 அண்ணை எழுந்து தன் கோப்பையைக் கழுவப் போனார். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் தானாக நடந்து போய் எந்தெந்த இடங்களில் தன் பெயரைச் சொன்னால் திரும்பி வரமாட்டான் என்பது எல்லா அம்மாமாருக்கும் தெரிந்திருந்தது. பதினொரு வயதுத் தங்கைக்குத் தெரியவில்லை. இருக்கிற இரண்டு பிள்ளைகளில் எதை ஒளிப்பது, எதை வெளியே விடுவது என்று பத்து நிமிடத்துக்குள் ஒருத்தி முடிவெடுத்திருக்கிறாள் என்பதும், என்னை அனுப்பியது குறைந்த அன்பினால் அல்ல என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குக் காலை, எரிகிற கன்னத்தோடு அப்பாவின் சைக்கிள் கரியரில் ஏறி உட்கார்ந்தேன். அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒழுங்கை திரும்பும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனாலேயே நான் திரும்பிப் பார்க்கவில்லை.