காயப்பட்ட மானைத் தேடிப் போன நாள்

தொண்ணூறுகளில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த பீற்றர், என்னையும் என் பதினொரு வயது மகளையும் ரொறொன்ரோவுக்கு வடக்கே மான் வேட்டைக்குக் கூட்டிப்போனான். அவனுடைய வெடி பட்ட மான் ஓடிவிட்டது. காயப்பட்டதை விட்டுவிட்டுப் போகக்கூடாது, வேட்டைக்காரன் முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்று மகளுக்குச் சொல்லி, பனியில் இரத்தத் துளிகளைத் தேடித்தேடி எங்களை இரண்டு மணித்தியாலம் நடக்க வைத்தான். செத்துக் கிடந்த மானைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். மகளும் கழற்றினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது காருக்குள் மகள் கேட்டாள்.

"அப்பா, சின்ன மாமாவும் கூப்பிட்டவர்தானே. ஏன் விட்டிட்டு வந்தனாங்கள்?"

ஐந்து வருடத்துக்கு முன், ஊரில் ஷெல் விழுந்த அன்று, மனைவியின் தம்பி கால் சிதறிக் கிடந்தான். அப்போது ஆறு வயதாயிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.

ஓடும்போது அவளுடைய கண்களைப் பொத்தியிருந்தேன். காதுகளைப் பொத்த என்னிடம் வேறு கை இருக்கவில்லை.