புல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீர்

"இவரு இன்னிக்கு மொறைப்பா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே வால்வைத் திருகுகிறார் சங்கமித்ரா. 'இவரு' என்பது தரை. பெங்களூரின் நடுவில், நான்கு புறமும் வண்டிகள் இரைய, புல் போர்த்திக் கிடக்கும் குதிரைப் பந்தயத் தரை. காலைப் பயிற்சி முடிந்து குதிரைகள் லாயத்துக்குப் போய்விட்டன. குளம்புகள் பெயர்த்த குழிகளில் பெண்கள் குந்தியபடி மணலும் புல்விதையும் கலந்து அடைத்துவருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சங்கமித்ராவின் தண்ணீர் விசிறியடித்துக்கொண்டு வருகிறது. "நகுருங்கடி, குளிக்கணும்னா வூட்ல குளிங்க" என்று முன்னால் இருப்பவர்களை விரட்டுவார். அவர்கள் வேண்டுமென்றே இரண்டு துளி நனைந்துவிட்டு எழுந்திருப்பார்கள்.

வயது நாற்பத்தாறு. கோலார் தங்கவயலில் பௌத்தக் குடும்பம். அதனால்தான் அந்தப் பெயர். "பள்ளிக்கூடத்துல மித்ரான்னு சுருக்கிக் கூப்புட்டாங்க. நான் திரும்பியே பாக்கல. எங்கப்பா முழுசாத்தானே வெச்சாரு?" அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய வருடத்தில் இவருக்குக் கல்யாணமாகி ஜீவனஹள்ளிக்கு வந்தார். கணவர் குணசேகர் ஆட்டோ ஓட்டுகிறார். லிங்கராஜபுரத்திலிருந்து நான் வேலைக்குப் போவது அவருடைய ஆட்டோவில்தான். அந்த வழியில்தான் எனக்கு இவரைத் தெரியும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் தெருவில் இவருக்குத் தனி மரியாதை உண்டு. தரை இறுகலா, இளகலா என்று தெரிந்தால் எந்தக் குதிரைமேல் பணம் கட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். "அக்கா, நாளைக்கு கிரவுண்டு எப்படிக்கா?" என்று குழைவார்கள். "பச்சையா இருக்குப்பா" என்பார். இத்தனை வருடத்தில் வேறு பதில் சொன்னதில்லை.

தண்ணீர் விடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்கிறார். கூரான இரும்புக்கோலைத் தரையில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று மேற்பார்வையாளர் ஹரிஷ்குமார் அளந்து சொல்வார். இவர் திறப்பார், மூடுவார். தண்ணீர் கூடினால் வளைவில் குதிரை வழுக்கும். குறைந்தால் தரை சிமெண்டு போல் ஆகிவிடும். பாய்ந்து ஓடும் குதிரையின் மொத்த உடம்பும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் இறங்குகிறது. அந்தக் கணத்தில் தரை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் நகரமே வறண்ட அந்தக் கோடையில்தான் இந்த வேலை இவருக்குப் பாரமானது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. ஜீவனஹள்ளியில் குழாய் காற்றைத்தான் கக்கியது. தெருமுனையில் டேங்கர் வந்து நின்றால் குடங்கள் ஓடும். அந்தச் சமயத்தில் யாரோ ஒருவர் பந்தயத் தரையில் தண்ணீர் விசிறியடிப்பதை மொபைலில் படம் எடுத்துப் போட, அது தெருவுக்குள்ளும் வந்து சேர்ந்தது. தூரத்தில் தெரிந்த மஞ்சள் மேல்சட்டை சங்கமித்ராதான் என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டு ஆஞ்சலா.

"நீ ஊத்து சங்கமித்ரா. குதிரைங்க ஜாலியா ஓடட்டும். எம் மருமக பச்சப் புள்ளைய ஈரத் துணியில தொடச்சிட்டுக் கெடக்கா" என்றார் ஆஞ்சலா, வரிசையில் எல்லார் முன்னாலும்.

"அது சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணித் தர்றது ஆஞ்சலா. வாயில வைக்க முடியாது."

"குடிக்கவா கேட்டேன்? கக்கூசுக்கு ஊத்த மாட்டமா?"

சங்கமித்ரா குடத்தை முன்னால் நகர்த்திவைத்தார். "அவ கேட்டது கரெக்டுதானே?" என்று பின்னால் என்னிடம் கேட்டார். 

பிறகு மைதானத்துக்கு வரும் தண்ணீரும் பாதியாகக் குறைந்தது. இருப்பதை எங்கே விடுவது? வளைவுகளும், பார்வையாளர் மேடைக்கு முன்னால் குதிரைகள் முழுவேகத்தில் முடிக்கும் நீட்டமும் முக்கியம் என்று முடிவானது. மேடைக்கு எதிர்ப்பக்க நீட்டத்துக்கு இப்போதைக்குத் தண்ணீர் கிடையாது. "ஏனு மாடோது, என்ன செய்யறது சங்கமித்ராம்மா? இருக்கறதைத்தானே விட முடியும்?" என்றார் ஹரிஷ்குமார். சொன்னபடியே எதிர்ப்பக்க வால்வை மூடினார் சங்கமித்ரா.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான்காவது பந்தயத்தில், எதிர்ப்பக்கத்தில், ஒரு பெண்குதிரை தடுமாறி நின்றது. விழவில்லை. சவாரி செய்தவர் குதித்து இறங்கி, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முன்னங்கால் ஒன்று தொங்கியது. வண்டி வந்தது, மருத்துவர் வந்தார், சுற்றிலும் திரை கட்டினார்கள். மேடையில் ஜெயித்த குதிரைக்குக் கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

திரைக்குள்ளிருந்து அந்தக் குதிரையைப் பராமரித்துவந்த சின்னப்பா மட்டும் வெளியே வந்தார். கையில் கடிவாளமும் சேணமும். குழி அடைக்கும் மண் வாளியோடு ஓரத்தில் நின்றிருந்த சங்கமித்ராவைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார்.

"இங்க தண்ணி வுடலையாம்மா?"

"வுடல."

சின்னப்பா தலையை ஆட்டினார். "காலைல எங் கையில கேரட் தின்னா" என்றார். அப்படியே லாயத்துப் பக்கம் நடந்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹரிஷ்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன் அப்படிச் சொன்னீங்க? அதுக்குப் பழைய அடி இருந்ததுன்னு டாக்டரே சொல்றார். நம்ம மேல தப்பே இல்ல."

"கேட்டாரு. சொன்னேன் சார்."

பழைய அடியாகவே இருக்கலாம். மருத்துவர் சொன்னதை சங்கமித்ரா நம்பாமல் இல்லை. ஆனால் மூடிய கை தன்னுடையதுதானே என்கிறார்.

அன்று சாயங்காலம் டேங்கர் வரிசையில் இவர் வாய் திறக்கவில்லை. வம்புக்கு ஆள் கிடைக்காத ஆஞ்சலாவுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னாடி, உன் குதிரைங்க எல்லாம் ஷேமமா?" என்று சீண்டினார். சங்கமித்ரா நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அழுதுவிட்டார்.

"குதிரைக்கா அழுவுற?"

"தெரியல."

ஆஞ்சலா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். "கால் ஒடஞ்சா மாவுக்கட்டு போட மாட்டாங்களா?"

"மூணு கால்ல எத்தன நாளைக்கு நிக்கும்? மனுசங்க மாதிரி அதால படுத்துக் கெடக்கவும் முடியாது ஆஞ்சலா. அதான் ஊசி போட்டு முடிச்சிட்டாங்க."

வரிசை நகர்ந்தது. ஆஞ்சலா அதற்குப் பிறகு குதிரையைப் பற்றிச் சீண்டவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிய வழக்கை விடவும் இல்லை. "புல்லுக்கு ஊத்துறது ஊத்துறதுதான்" என்பது இன்றுவரை அவர் கட்சி.

மறுநாள் காலையில் ஹரிஷ்குமார் அதே பங்கீட்டைச் சொன்னபோது, சங்கமித்ரா வால்வருகில் போகவில்லை. மேடைக்கு முன்னால் இருந்த அலங்காரப் புல்வெளியைக் காட்டினார். மெத்தை மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் பூச்செடி. "இங்க எந்தக் குதிர ஓடுது சார்?"

"அது மெம்பர்ஸ் உக்கார்ற இடம்மா. பேசறதுக்கே பயம்."

"நீங்க பேசலன்னா நான் போயிப் பேசுறேன். எனக்கு இங்கிலீஷ் வராது. அழுவேன். பரவால்லையா?"

ஹரிஷ்குமார் சிரித்துவிட்டார். ஆனால் போனார். திட்டு வாங்கியிருப்பார் என்றுதான் சங்கமித்ரா நினைத்திருந்தார். வாங்கவில்லை, மேலே இருந்தவர்களுக்கும் அந்தத் திரை ஞாபகம் இருந்தது. புல்வெளிக்குப் போன தண்ணீர் எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பியது. ஒரு வாரத்தில் மேடைக்கு முன்னால் எல்லாம் வைக்கோல் நிறம். வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர், "இதென்ன ரேஸ்கோர்ஸா, களத்துமேடா?" என்று இவரிடமே கோபித்துக்கொண்டார். "மழை வரட்டும் சார்" என்றார் சங்கமித்ரா. மே மாதம் மழை வந்தது. அலங்காரப் புல் தானாகவே தழைத்துக்கொண்டது.

பந்தயமே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே என்று ஒருநாள் கேட்டேன். குழாயைச் சுருட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "அதெல்லாம் பெரியவங்க பேசட்டும். சிலநாள் எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா நாளைக்குக் காலைல அதுங்க ஓடத்தானே போவுதுங்க? ஓட வுட்டா, வுழாம ஓடணும்."

சென்ற மாதம் ஒரு பந்தய நாளில், எதிர்ப்பக்க வேலி ஓரத்தில், வாளி வைத்த பெண்களோடு நானும் நின்றிருந்தேன். தரை அதிர்ந்தது. முதல் கூட்டம் எங்களைக் கடந்து வளைவை நோக்கிப் போனதும், பெண்களின் தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. தூரத்து மேடையிலிருந்து கூச்சல் கிளம்பியது. என் கண்ணும் அங்கேதான் போனது.

சங்கமித்ரா மட்டும் குதிரைகள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் விரல்கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கடந்துபோன குதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று இன்னும் வரவில்லை; ஒரு கணுவில் கட்டைவிரல் நின்றுவிட்டது. யாரும் பணம் கட்டியிருக்க முடியாத ஒரு பழுப்புக் குதிரை, எல்லாருக்கும் வெகுவாகப் பின்னால், தன் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் வந்தது, எங்களைத் தாண்டியது, போனது. அதன் வால் வளைவில் மறைந்த பிறகுதான் கட்டைவிரலை எடுத்தார்.