இரைச்சல் மூன்று முறை அடங்கியது

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இது பட்டப்பகலில் நடந்தது. ஒரு வியாழக்கிழமை, மதியம் 3:40க்கும் 4:25க்கும் நடுவில். நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அன்று என் போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

நான் கிட்டார் வாசிப்பவன். அகூஸ்டிக். என் அண்ணனும் கிட்டார்தான். ஆனால் எலெக்ட்ரிக். எங்களுக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கீரியும் பாம்பும். மரம், கம்பி, விரல்... இந்த மூன்றும் போதும், மற்றதெல்லாம் வேஷம் என்பது என் கட்சி. அவன் காலடியில் சத்தத்தை மாற்றும் ஏழு பெடல்களை வரிசையாக வைத்திருப்பான். நான் அதைச் செருப்பு ஸ்டாண்ட் என்பேன். "கரண்ட் போனா உன் வீரமும் போச்சு" என்று சீண்டுவேன். அவன் அசரமாட்டான். "உன் பலகைப் பெட்டியில தப்பா வாசிச்சாலும் மரம் மூடி மறைச்சுடும்டா. இது அப்படி இல்ல. சும்மா தொட்டாலே காட்டிக் கொடுத்துடும்" என்பான்.

அவன் சொன்னது உண்மை. அதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். அவனுடையது பழைய மாடல் எலெக்ட்ரிக் கிட்டார். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தவுடன் 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். வாசிக்காவிட்டாலும் வரும். ஒரு மனிதனின் கை கம்பியில் பட்டால் போதும், இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடியும் 'ம்ம்ம்ம்ம்'. இதில் மர்மம் எதுவும் இல்லை. நம் உடம்பு எர்த் மாதிரி வேலை செய்கிறது, அவ்வளவுதான். அந்த வகை கிட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கம்பியில் கை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனின் பைக்கை ஒரு லாரி தட்டிவிட்டது. தலையில் அடி. நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணே திறக்கவில்லை. வியாழன் மதியம் 2:30க்கு டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெஷின்தான் மூச்சு விடுது. இனிமே திரும்ப வருவார்னு எங்களுக்குத் தோணல. ஆறு மணிக்கு நான் வரும்போது குடும்பமா ஒரு முடிவு சொல்லுங்க."

வெளியே வந்ததும் அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னால சொல்ல முடியாது தம்பி. அவர் மனசு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

என் தலையில் யாரோ கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று நாளாக அவன் கட்டில் பக்கத்தில் என் அகூஸ்டிக்கை மெதுவாக வாசித்துப் பார்த்திருந்தேன். இமைகூட அசையவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவனுக்குப் பிடித்தது என் பலகைப் பெட்டி இல்லையே! அவனுடைய எலெக்ட்ரிக், அவனுடைய ஆம்ப்ளிஃபயர், அவன் வைத்த சவுண்ட். அதைப் பதிவு செய்துகொண்டு வந்து காதில் போட்டால்? பைத்தியக்காரத்தனம்தான். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

எங்கள் பயிற்சி அறை, ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட தூரத்தில், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஸ்பாஞ்ச். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. சாவி என்னிடமும் அவனிடமும் மட்டும்தான். அவன் சாவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில், ரத்தக்கறை படிந்த சட்டையோடு இருந்தது.

3:40க்குக் கதவைத் திறந்தேன். நாலு நாள் பூட்டிக் கிடந்த வாடை. மூலையில் ஸ்டாண்டில் என்னுடைய இன்னொரு அகூஸ்டிக். அதன் பக்கத்தில் அவனுடைய எலெக்ட்ரிக்.

முதலில் என் கிட்டாரைத் தட்டிப் பார்த்தேன். ஆறு கம்பியும் சுதி இறங்கியிருந்தது. ஏசி இல்லாமல் புழுங்குகிற அறையில் அது சகஜம்.

அவனுடையதைத் தட்டினேன். சுத்தமாக இருந்தது.

சுதி காட்டும் ட்யூனர் பெடலை ஆன் செய்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தேன். ஆறுக்கும் பச்சை விளக்கு. இப்போதுதான் யாரோ சுதி சேர்த்து வைத்த மாதிரி. நல்ல கிட்டார் என்றால் சுதி நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கிட்டார் அப்படிப்பட்டது இல்லை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை திருகச் சொல்லும். அதை வைத்து நான் அவனைப் படாதபாடு படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கம்பி வெதுவெதுப்பாக இருந்தது. எஃகுக் கம்பி தொட்டால் குளிரும். ரொம்ப நேரம் விரல் பதிந்திருந்தால்தான் சூடு இருக்கும்.

கையை எடுத்துவிட்டேன்.

3:52க்கு ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தேன். அது பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்தது. சூடாக அரை நிமிடம் ஆகும். பிறகு மெதுவாக வந்தது. 'ம்ம்ம்ம்ம்...' போனை ரெக்கார்டிங்கில் போட்டு ஸ்டூல் மேல் வைத்தேன். கிட்டாரை மடியில் எடுத்து அவன் வழக்கமாக வாசிக்கிற நாலு மெட்டுகளை வாசித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம்தான். முடியவில்லை. கிட்டாரை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ரெக்கார்டிங்கில் அந்த அழுகையும் இருக்கிறது.

4:06.

இரைச்சல் அடங்கியது.

நான் அழுகையை நிறுத்தினேன். கரண்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. வயர் லூசாக இருந்தால் 'கர்ர்' என்று சத்தம் வந்திருக்கும். அதுவும் இல்லை.

நாலு விநாடி. மறுபடியும் 'ம்ம்ம்ம்ம்...'

எனக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஆறடி இருந்தது.

"அண்ணா... நீயா?"

இரைச்சல் மட்டும்தான். எனக்கு ஓடிவிடத் தோன்றியது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. ஓடினால் அவனை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி.

"ஆமான்னா... கம்பியைத் தொடு."

காத்திருந்தேன்.

"வலிக்குதா அண்ணா?"

4:11.

அடங்கியது.

ஆறு விநாடி. எண்ணினேன்.

அவன்தான். வேறு யார்? வலிக்கிறது என்கிறான். நாலு நாளாக வலியில் கிடக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டொய்ங் டொய்ங் என்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

4:14க்கு, எனக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டேன்.

"பொழைச்சு வந்துடுவியா?"

'ம்ம்ம்ம்ம்...'

"வந்துடுவேன்னு தொடு அண்ணா. ஒரே ஒரு தடவை."

'ம்ம்ம்ம்ம்...'

"தொடுடா!"

கெஞ்சினேன். தரையில் நெற்றியை வைத்துக் கெஞ்சினேன். இரைச்சல் துளிகூடக் குறையவில்லை. நாலு நிமிடம்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அப்போ... மெஷினை நிறுத்தச் சொல்லவா?"

4:19.

அடங்கியது.

ஐந்து விநாடி...

பத்து...

விடவில்லை.

இருபது...

கம்பி எதுவும் அசையவில்லை. ஆனால் ஒரு கை அதன் மேல் இருந்தது. அழுத்தமாக.

முப்பத்தொன்று.

விட்டது.

நான் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தவில்லை. கதவைப் பூட்டவில்லை. போனை மட்டும் பிடுங்கிக்கொண்டு படியேறினேன். மேலே போனால்தான் சிக்னல் கிடைக்கும். 4:24க்கு அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி... விட்டுடலாம்."

"தம்பி..."

"அவனுக்கு வலிக்குது அண்ணி. போதும்."

அண்ணியின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

6:10க்கு மெஷினை நிறுத்தினார்கள். அண்ணி கையெழுத்துப் போட்டார். நான் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 6:22க்கு எல்லாம் முடிந்தது. எனக்குத் துக்கம் இருந்தது. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. அவன் கேட்டதை நான் செய்துவிட்டேன் என்ற நிம்மதி.

இருபத்து மூன்று நாள் கழித்து, சில காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். படியில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து நின்றார். சின்னப் பெண். அந்த வாரம் அண்ணனின் கட்டிலைப் பார்த்துக்கொண்டவர்.

"சார்... சொல்லலாமா வேணாமான்னு இத்தனை நாளா தவிச்சுட்டிருக்கேன். அன்னைக்கு மதியம் உங்க அண்ணன் கையை நான் பிடிச்சிருந்தேன். விரலை அழுத்தினார்."

"எப்போ?"

அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நர்ஸ்கள் எதையும் நேரம் போட்டுத்தான் எழுதுவார்கள்.

"4:06க்கு, 'நான் பேசறது கேட்டா அழுத்துங்க'ன்னேன். அழுத்தினார். 4:11க்கு, 'உங்க வீட்டம்மா வெளியே இருக்காங்க, கூப்பிடவா'ன்னு கேட்டேன். அழுத்தினார் சார்."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"4:14க்கு?" என்று கேட்டேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். "அப்ப இல்ல சார். பக்கத்துக் கட்டில்ல அலாரம் அடிச்சுது. கையை விட்டுட்டு அங்க ஓடிட்டேன்."

"அப்புறம் அண்ணியை ஏன் கூப்பிடல?"

"4:25க்குக் கூப்பிடத்தான் சார் வெளியே வந்தேன். அவங்க போன்ல பேசி அழுதுட்டிருந்தாங்க. டாக்டர்கிட்ட சொன்னேன். நரம்பு தானா இழுக்கறதும்மா, அதை நம்பாதேன்னுட்டார். என் ட்யூட்டி நாலரைக்கு முடிஞ்சுது. மறுநாள்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது."

நான் அதற்கு மேல் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரே கடைசி வரியையும் படித்துவிட்டார்.

"4:19க்கு, 'சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போகணுமா சார்?'ன்னு கேட்டேன். என் விரலைப் பிடிச்சவர்... அரை நிமிஷம் விடவே இல்ல."

அண்ணியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.