பெய்-சுன் போடாத கையெழுத்து

தைபேயின் கணினிச் சந்தையில், நாலாம் மாடி மூலைக் கடையில் பதினாறு வருஷமாகக் பாகங்களைப் பூட்டிக் கணினி செய்து தருகிறவள் லியாவ் பெய்-சுன். ஒவ்வொரு ப்ராஸஸரையும் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பாள். அது பதறாமல் தாங்கும் வேகத்தை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெட்டியின் உள்ளே ஒட்டுவாள். அந்தக் கையெழுத்து இருந்தால் பழைய பெட்டிகூட நல்ல விலைக்குப் போகும். அவள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அதைத்தான் குவோ சந்தி சிரிக்க வைத்தான். காப்பீடு விற்கிறவன், நாற்பது வயது. சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவே, அவளிடம் வாங்கிச் செத்துப்போன கணினியை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டுக் கத்தினான்.

"மூணே மாசம்! சொத்தைச் சரக்கைத் தலையில கட்டிட்டு, கையெழுத்து ஒண்ணுதான் கேடு!"

பெய்-சுன் பெட்டியைப் பார்த்தாள். மேலே சூடு வெளியேறும் துளைகளை அடைத்தபடி ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒட்டியிருந்தது. இயந்திரம் சமர்த்தாக இருக்கத் தைவானில் எல்லோரும் வைப்பதுதான், பச்சை நிறமாகவும் தேதி தாண்டாததாகவும் இருந்தால்தான் பலிக்கும் என்பார்கள்; அவள் மேசையிலும் ஒன்று உண்டு. ப்ராஸஸரைக் கழற்றி வேறொன்றை மாட்டி ஓட்டினாள். அவன் சேமித்து வைத்திருந்த வேக செட்டிங் மதர்போர்டில் அப்படியே இருந்தது. அவள் எழுதியது 4.9 கிகாஹெர்ட்ஸ். அவன் ஓட்டியது 5.6. மின்னழுத்தத்தையும் கண்மண் தெரியாமல் ஏற்றியிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"4.9-க்கு மேல வேணாம்னு எழுதியிருந்தேனே, படிக்கத் தெரியாதா சார்?"

"என் ஃப்ரெண்டோடது 5.6-ல ஓடுதே! அதே மாடல்!"

"ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரு ஒரே மாதிரியா ஓடறாங்க? அவரோடது தாங்குச்சு. உங்களோடது முடியல முடியலன்னு நடுநடுவுல நின்னு போயிருக்குமே?"

"நின்னுச்சு... அதான் பொட்டலம் வெச்சேனே! பச்சைதான், தேதிகூடப் பார்த்துத்தான் வாங்கினேன்!"

"வெச்சீங்க. அது மூச்சு விடற வாய் மேல வெச்சீங்க. நீங்களே கொன்னுட்டு எம்மேல பழி போடறீங்களா?"

கூட்டம் சிரித்தது. முதலாளி சென் ஓடிவந்தார். "அக்கா, ரகளை வேணாம். புதுசு ஒண்ணு மாட்டிக் குடுத்துடுங்க."

தப்பு செய்தவனுக்குப் புதுசு, அவளுக்கு வாய்ப்பூட்டு. இது எந்த ஊர் நியாயம்? பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். பிறகு தன் பெயர் இருந்த ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

குவோ பதறினான். "அக்கா, கையெழுத்து?"

"சொத்தைச் சரக்குக்குக் கையெழுத்து எதுக்கு சார்?" பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இதைக் காட்டி வித்துக்குங்க."