மேற்படிக் கீறில் சைவமான ஜெனிற்றா

ஜெனிற்றா கத்தோலிக்கப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் அவளைக் கேளாமலே சைவநெறிக்கு எழுதிவிட்டார்கள். நான் சைவக்காரி. நான் படிக்கிற கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், பூட்டிக்கிடந்த மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறிப்போய் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் படிப்பித்தனான். தற்காலிக ஆசிரியையின் தொழில் என்னவென்றால், மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது. பார்த்த பிழையைச் சொல்லாமல் இருப்பது. முதலாவதைச் செய்து, இரண்டாவதில் தவறி, வாங்கிக் கட்டியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது.

பதினெட்டுப் பேர், ஒரே கை

தரம் பதினொன்றின் பரீட்சை விண்ணப்பப் பட்டியலைப் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி வகுப்பாசிரியை புவனா ரீச்சர் என்னிடம் தந்தா. சமய பாடத்துக்கான நிரலில் முதல் பிள்ளைக்கு நேரே 'சைவநெறி' என்று முத்துமுத்தாய் எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினேழு பேருக்கும் மேற்படி, மேற்படி என்று இரட்டைக் கீறுகள். அதில் ஒரு கீறு ஜெனிற்றாவுக்கு. "ரீச்சர், இவள் வேதக்காரப் பிள்ளையெல்லோ?" என்றேன். ரீச்சர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பதினெட்டுப் பேருக்கும் ஒண்டொண்டா எழுத என்ர கை என்ன மெசினே பிள்ளை?"

எண்பத்தொன்று

இது வெறும் சோம்பல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய தவணைப் புள்ளிகளைக் கிளறினேன். கத்தோலிக்கம் படிப்பித்தவர் மாற்றலாகிப் போனபின் வேறு ஆள் வரவேயில்லை. சமயத்துக்குப் புள்ளி இல்லாவிட்டால் அந்த இடத்தில் சைபர் விழும், சராசரி சரியும், வகுப்பில் நாலாம் பிள்ளையாய் வருகிறவள் பன்னிரண்டாம் பிள்ளையாவாள். அதனால் அவள் தேவாரங்களைப் பாடமாக்கி, போன தவணை சைவநெறியில் எண்பத்தொரு புள்ளி எடுத்திருந்தாள். நான் பள்ளிக்கூட அதிபரிடம் போனபோது அந்தப் புள்ளியைத்தான் அவர் சாட்சிக்கு இழுத்தார்.

"விருப்பமில்லாத பிள்ளை எண்பத்தொண்டு எடுக்குமே? நீரே சொல்லும்."

தெற்கில் ஒரு மருமகன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற சேரின் தமக்கை குடும்பம் தெற்கில் கடை வைத்திருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் சைவம் படிப்பிக்க ஆளில்லை என்று மருமகனைப் பௌத்த பாடத்தில் இருத்திவிட்டார்களாம். ஒரு கிழமையாய் ஆசிரியர் அறை முழுக்கச் சேரின் கொதிப்பு. நியாயந்தான், நானும் சேர்ந்து கொதித்தனான். அந்தச் சூடு ஆற முன்னம் ஜெனிற்றாவின் கதையை எடுத்தேன். என்னை ஆரோ ஏவிவிட்டிருக்கினம் என்பது போல ஒரு பார்வை பார்த்து, தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல வைத்தார்.

"அது வேற பிள்ளை, இது வேற."

சம்மதக் கடிதம்

அடுத்த கிழமை அதிபரின் கோப்பில் ஒரு கடிதம் முளைத்திருந்தது. 'எனது மகள் சைவநெறிப் பாடத்துக்குத் தோற்றச் சம்மதிக்கிறேன்.' கீழே தாயின் ஒப்பம், கோணல்மாணலாய். மேலே இருந்த எழுத்தோ முத்துமுத்து. அது ஆருடைய கை என்று நான் சொல்ல வேண்டுமா?

பின்னேரமே ஜெனிற்றா வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் இருந்து நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தா. பாடப் புத்தகம் தருவதற்கென்று சொல்லித்தான் ஒப்பம் கேட்டார்களாம். "அப்ப அதை ஒரு தாளில எழுதித் தாங்கோ அக்கா, கல்விக் கந்தோருக்கு நானே கொண்டுபோறன்" என்றேன். வலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தா. நான் அதிபரைச் சந்தேகித்ததைவிட அவ என்னைக் கூடுதலாய்ச் சந்தேகித்தா.

"கம்பஸ் திறந்தா நீங்கள் போயிடுவியள் தங்கச்சி, என்ர பிள்ளையெல்லோ அங்க இருக்கோணும்?"

ஒரு கேள்வி

விண்ணப்பங்கள் மத்தியானப் படகில் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிற நாள். போய்விட்டால் மாற்றுவது பெரும்பாடு. அதிபரின் மேசையில் கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தை விரித்து வைத்து, தன் சமயத்தைப் படிக்கிற உரிமை, பிள்ளையின் மனச்சாட்சி, பெற்றோரை ஏமாற்றியது என்று அரை மணித்தியாலம் பொரிந்து தள்ளினேன். அதிபர் கதிரையில் சாய்ந்திருந்து முழுவதும் கேட்டார். "எல்லாம் சரி. அந்தப் பிள்ளை என்ன சொன்னது?" என்றார்.

மூன்று கிழமையாய் அவளுக்காகத் தீவு முழுக்க வாதாடி, அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேளாமல் விட்ட சட்டத்தரணி நான்.

அவர் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். பயந்த பிள்ளை தலையாட்டும் என்ற துணிவில்லாமலா கூப்பிடுகிறார்? ஜெனிற்றா வந்து கதவடியில் நின்றாள்.

"இஞ்ச பார் பிள்ளை, சைவநெறியில உனக்கு ஏ சித்தி நிச்சயம். கத்தோலிக்கம் படிப்பிக்க எங்களிட்ட ஆளில்லை. நாளைக்கு ஃபெயில் விட்டா எங்களைக் குறை சொல்ல ஏலாது. நீ எதைச் சொல்லுறியோ அதை இப்பவே எழுதுறன்" என்று பேனையைத் திறந்தார். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கத்தோலிக்கம் எண்டு எழுதுங்கோ சேர். ஃபெயில் விட்டாலும் என்ர பாடத்தில விடுறன்."