இரண்டு கறுப்புக் கோடுகள்

இராஜம்மாவுக்கு இருட்டறை பிடிக்கும். சிவப்பு விளக்கின் கீழ் எக்ஸ்ரே ஃபிலிமை மருந்துநீரில் அசைத்துக்கொண்டு நிற்பாள், உலகமே மெதுவாகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவள். கோலாலம்பூரில் என் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக டெக்னீஷியன். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் கை தானாகவே தெரிந்துவைத்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

1993இல் நாங்கள் ஒரு புரதத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தோம். செல்லுக்குள் சும்மா உறங்கிக் கிடக்கும். காயமோ கிருமியோ வந்தால் விழித்து, உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தைப் பற்றிக்கொள்ளும். நோயெதிர்ப்பு மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓடவிட்டால் வெறும் டி.என்.ஏ. அடிக்கு ஓடிவிடும். புரதம் பற்றியது மேலேயே தங்கி, ஃபிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். விழித்த புரதம் கூடக்கூடக் கோடும் கறுக்கும்.

"பாசார்ல பிள்ள முந்தானய புடிச்சுத் தொங்குனா அம்மா எப்படி டாக்டர் வேகமா நடக்கும்?" என்பாள் இராஜம்மா.

அவள் தங்கை சந்திரகலாவுக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்பே உடம்பைத் தின்றது. புதுமருந்துச் சோதனையில் அவளைச் சேர்க்க ஒரே நிபந்தனை: அவள் ரத்தத்தின் கோடு, நலமாக இருப்பவரின் கோட்டைவிடக் கறுப்பாக இருக்கவேண்டும். நலமானவர் ரத்தத்துக்கு வழக்கம்போல இராஜம்மாவே கை நீட்டினாள். தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள் அது. அவள் அதிகம் பேசவில்லை. விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபிலிம் வந்தது. இரண்டு கோடுகளும் ஒரே கறுப்பு.

கதவருகே நின்ற சந்திரகலா மெல்லக் கேட்டாள். "அப்ப எனக்கு மருந்து இல்லயா டாக்டர்?"

எனக்கு எரிச்சல் வந்தது. "இராஜம்மா, ஒங்களுக்கு காய்ச்சலா? எங்கயாவது காயமா?"

அவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டினாள். பத்துமலையில் அலகு குத்திய இடம் சிவந்து வீங்கியிருந்தது. தங்கை பிழைக்கவேண்டும் என்ற வேண்டுதல், தங்கைக்கே தெரியாமல். அந்தக் காயம்தான் அவளுக்குள் உறங்கிய புரதத்தை எழுப்பியிருக்கிறது.

"சோதனைக்குப் பேர் குடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு, என் ரத்தத்த எடுங்க," என்று சட்டைக் கையை மடித்தேன். இருவர் காதிலும் விழவில்லை. சந்திரகலா அக்காவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நம்ம ரெண்டு பேர்ல நீயாவது நோவில்லாம இருக்கணும்னுதானே நான் வேண்டிக்கிட்டேன்."