தொப்பி, தாடை, கண்

தொப்பி வைத்தால் தலை வலித்தது. அதுதான் தொடக்கம். எனக்கு எழுபத்தொரு வயது. கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருந்தவன். தொப்பிதான் இறுகிவிட்டது என்று பெரிய அளவில் ஒன்று வாங்கினேன். அதுவும் வலித்தது. வலது நெற்றிப்பொட்டில் விரல் பட்டாலே தாங்கவில்லை.

அடுத்து தாடை. முதல் நாலு வாய் பரோட்டா சிரமமில்லாமல் இறங்கும். ஐந்தாவதில் தாடை ஓய்ந்துபோய் வலிக்கும். மெல்லுவதை நிறுத்தினால் வலியும் நின்றுவிடும். பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. எத்தனையாவது வாயில் வலி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் காலை பேப்பர் படிக்கும்போது வலது கண்ணில் கீழ்ப்பாதி மங்கி மறைந்தது. ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. மகள் ரஸியா உடனே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த கண் மருத்துவர் ஒரு பெண்மணி. கண்ணைச் சோதித்துவிட்டு, சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார்.

“மெல்லும்போது தாடை வலிக்குதுங்களா?”

“ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தலை சீவும்போது?”

“சீவ முடி ஏதுங்க? தொப்பி வச்சா வலிக்குது.”

அவர் சிரிக்கவில்லை. என் நெற்றிப்பொட்டுகளைத் தடவினார். “இடது பக்கம் துடிக்குது. வலது பக்கம் கயிறு மாதிரி இருக்கு, துடிப்பே இல்ல. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். அவர் சொன்னது சரிதான்.

டெம்போரல் ஆர்ட்டரைட்டிஸ் (தலையின் ரத்தக்குழாய்ச் சுவர் வீங்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் நோய்) என்றார். முதியவர்களுக்கு வருவது, நம் பக்கம் அபூர்வம். தாடைக்கும் கண்ணுக்கும் ரத்தம் போதவில்லை.

“ஏன் அத்தா, எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல?” என்றாள் ரஸியா.

“தொப்பிக்கும் தாடைக்கும் என்னம்மா சம்பந்தம்னு இருந்துட்டேன்.”

பயாப்சிக்கு (திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பது) காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு ஊசி ஏற்றினார்கள். “தாமதிச்சா ரெண்டு கண்ணும் போயிடும்” என்றார் மருத்துவர். இரண்டே நாளில் தலைவலி விட்டது. ஆனால் அதற்குள் வலது கண் மறுபடி மங்கியது, இம்முறை தெளியவில்லை. இடது கண் தப்பியது. பயாப்சியும் நோயை உறுதி செய்தது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வலிகளைத் தனித்தனி மருத்துவரிடம் பங்கு வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் சொல்லுங்கள்.

ஒன்றரை வருடமாக ஸ்டீராய்டு மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து வருகிறேன். வலது கண்ணின் கீழ்ப்பாதி திரும்பவில்லை. படி இறங்கும்போது நின்று, தலை குனிந்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். பின்னால் வருபவர்கள் காத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அது என்னைக் கூச வைத்திருக்கும். இப்போது என் பாதங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.